பதினான்காம் எண் நிறுத்துமிடம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் அரசு எடையளவு ஆய்வகத்தில் இன்று பதினொரு தராசுகள் சோதனைக்கு வந்தன. இரண்டுக்கு முத்திரை மறுத்துத் திருப்பி அனுப்பினேன்.

மாலையில் தங்கை தன் ஓட்டுநர் பயிற்சிக் காரோடு வந்து வாசலிலேயே நின்றாள். அவள் மணிக்கட்டு முறிந்ததிலிருந்து பயிற்சி நடக்கவில்லை; கட்டுப் பிரித்தது போன வாரம்தான். கார்க் கடனின் தவணைகள் நின்றுபோயின. அந்தக் கடனுக்கு நான் ஜாமீன்தாரர். வண்டியை ஒப்படைக்கும்படி கடன் நிறுவனம் நீதிமன்ற ஆணையே பெற்றுவிட்டது.

"பத்தே நாள், அண்ணா. உங்க அபார்ட்மெண்ட்ல நிக்கட்டும். அதுக்குள்ள பணம் புரட்டிடுவேன்."

"ஆணை வந்த பிறகு இது தப்பு" என்றேன்.

"வண்டிய தூக்கிட்டுப் போயிட்டா எதை வச்சுக் கத்துக்குடுப்பேன்? கட்டிலையா?"

மறுப்பதற்கு ஆறு காரணங்கள் என்னிடம் இருந்தன. கை நீட்டிக் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

என் இடத்தில் நிறுத்தினால் தேடி வருவார்கள். பதினான்காம் எண் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் வீட்டுச் சாவி என் பொறுப்பில். அவருடைய இடத்தில் நிறுத்தித் தார்ப்பாய் போர்த்தினேன். வெளிவண்டி தங்கினால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கச் செயலாளராகிய நானே கொண்டுவந்த விதி. எழுதினேன்: வண்டி எண், இடம், தேதி, கையொப்பம்.

மனைவி சிரித்தாள். "ஒளிச்சு வைக்கிற வண்டிக்கு ரசீது போட்ட மொத ஆளு நீங்கதாங்க."

பதிவேடு பதிவேடுதானே?

மார்ச் 14, சனி

பத்து நாள் முடிந்தது. புரளவில்லை.

மார்ச் 19, வியாழன்

கடன் நிறுவனத்தின் வசூல் அதிகாரி வந்திருந்தார். சாந்தமான ஆள்; தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்: "சார், வண்டி உங்ககிட்ட இருக்கா?"

"எழுத்துல கேளுங்க. எழுத்துல பதில் தர்றேன்" என்றேன்.

அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கேட்டார். நானும் எழுதிக் கொடுத்தேன்: 'மேற்படி வாகனம் எனக்கு ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடத்தில் இல்லை.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மூன்று முறை படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிட்டேன். அவர் நன்றி சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

காலை எட்டேகாலுக்கு நீதிமன்ற அமீனாவும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். முதலில் காவலாளியிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார்கள்.

"என்ன சார் பண்றது? அதிகாரிங்க கேட்டா மறுக்காமக் காட்டணும்னு நீங்கதானே சொல்லி வச்சீங்க" என்றான் காவலாளி. உண்மை. நான்தான் சொல்லியிருந்தேன்.

தார்ப்பாயை அவர்களே உருவினார்கள். செய்தி கேட்டுத் தங்கை ஆட்டோவில் வந்து இறங்கியபோது வண்டி பாதி கேட்டைத் தாண்டியிருந்தது. "பயிற்சி போர்டையாவது கழட்டிக்கறேங்க, அது என்னோடது" என்று கெஞ்சினாள். கழற்ற விட்டார்கள். அந்தப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். நின்றேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 9, வியாழன்

எங்கள் இருவர் மீதும் வழக்கு. வக்கீலம்மா என் கடிதத்தின் நகலை மேசையில் வைத்து, அதன் பக்கத்தில் பதிவேட்டுப் பக்கத்தின் நகலை வைத்தார்.

"தவணை கட்டாதது வெறும் கடன் பாக்கி, சார். ஆணைக்கு அப்புறம் ஒளிச்சதுதான் குற்றம். தெரியாம நடந்துச்சுன்னு சொல்லலாம்னா, தெரிஞ்சேதான் செஞ்சேன்னு நீங்களே ரெண்டு எடத்துல கையெழுத்துப் போட்டு வச்சிருக்கீங்க."

"கடிதத்தில் பொய் இல்லையே?"

"இதையே கோர்ட்லயும் சொல்லிடாதீங்க, தயவுசெஞ்சு."

தண்டனை பெற்றால் தங்கையின் பயிற்றுநர் உரிமம் ரத்தாகும்; மறுபடி கிடைக்காது. அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

ஏப்ரல் 10, வெள்ளி

பணியிடைநீக்க ஆணை வந்தது. பிழையில்லாத கடிதம்.

ஜூன் 15, திங்கள்

நான்காவது வாய்தா. காலை பத்து முதல் மூன்றரை வரை மர பெஞ்சில். தங்கை இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். வெளியே வரும்போது, "நான் உங்க வீட்டு வாசலை மிதிச்சிருக்கவே கூடாது, அண்ணா" என்றாள்.

வீடு வரும்வரை என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்: எதுக்குடா எழுதிக் குடுத்தே? பேசாம கதவைச் சாத்தியிருக்கலாம்ல? தண்ணி குடுத்து, பேனாவும் குடுத்து — பேனாவும் என்னோடதுதான்.

ஆகஸ்ட் 24, திங்கள்

ஒருவர் முழுப் பொறுப்பையும் ஏற்றால் மற்றவரை விடுவிக்க வாய்ப்புண்டு என்று வக்கீலம்மா போன வாரம் சொல்லியிருந்தார். இன்று ஏற்றேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான், போர்த்தியது நான், கடிதம் எழுதியது நான். எல்லாம் உண்மை.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க தங்கச்சி கேட்டுக்கிட்டதாலதானே வச்சீங்க?"

"இல்லை" என்றேன்.

தங்கை சட்டென்று தலைநிமிர்ந்தாள். அவளைப் பார்க்காமல் சுருக்கெழுத்தரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லும் பதிவாகிவிட்டது.

செப்டம்பர் 7, திங்கள்

அவள் விடுதலை. எனக்கு அபராதமும் நீதிமன்றம் கலையும்வரை சிறையும். கூண்டருகே மாலை ஐந்து வரை உட்கார்ந்திருந்தேன். "இவ்வளவுதான், போயிட்டு வாங்க" என்றார் போலீஸ்காரர். இந்தத் தண்டனையோடு என் வேலையும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது.

அக்டோபர் 9, வெள்ளி

தானிய மண்டி ஒன்றில் எடைமேடைக் கண்காணிப்பாளர் வேலை காலி. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'குற்றத் தண்டனை பெற்றதுண்டா?' உண்டு என்று எழுதினேன். மேலாளர் அந்த வரிவரை படித்தார். "சொல்லி அனுப்பறேங்க" என்றார். தொலைபேசி எண்ணைக் கேட்கவில்லை.

வெளியே வந்தால் சாலையோரம் வேறொரு பயிற்சி நிலையத்தின் கார். இடப்பக்கம் தங்கை, அங்கே சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறாளாம். ஓட்டும் இடத்தில் வியர்த்து வழியும் ஒரு நடுவயதுப் பெண். தீர்ப்புக்குப் பிறகு முதல் முறையாகத் தங்கை என்னிடம் பேசினாள்.

"லைசென்ஸ் புதுப்பிச்சுக் குடுத்துட்டாங்க." பிறகு, முகத்தைப் பார்க்காமல், "ஏறுங்க, அண்ணா. போற வழிதான்."

பயிற்சி வண்டியில் வெளியாளை ஏற்றக் கூடாது. விதி எண்கூட எனக்குத் தெரியும். பின்கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.