தண்ணிதானே கேட்டாய்

என் சூசைத் தம்பிக்கு, உன்மேல் இன்றுவரை கோபம் வராத அக்கா எழுதுவது.

சேலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே உன் மகள் லில்லி. நாலு வரி எழுதுவதும், எழுந்துபோய் அவள் மூச்சைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லையடா.

நீ போகும்போது கைக்குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கொஞ்ச நாளாக ஓயாத தாகம். நேற்று வாந்தி. இன்று காலை மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வாயருகே குனிந்தேன், கனிந்து அழுகிய பழ வாடை. அது அன்றைக்கு உன் வாயில் வந்த வாடை.

லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு நீ தள்ளாடி வந்த மத்தியானம் மறக்குமா? அப்போது மதுவிலக்குக் கெடுபிடி. "சாராயம் குடிச்சிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசுதான் வரும். தெளியட்டும் உடு" என்று அப்பா உன்னை அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். போதை தெளியப் புளி கரைத்து ஊற்றினார். நீ மேல்மூச்சு வாங்கிக்கொண்டே தண்ணி தண்ணி என்றாய். "மாதா மேல சத்தியம் பண்ணுனவன், குடிக்கமாட்டான்" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? பொழுது சாயும்போது நீ இல்லை. அப்பா உன் கல்லறைப் பக்கமே வந்ததில்லை.

டாக்டரம்மா இன்று சொன்னார்: "சர்க்கரை நோய்ங்க. முத்திப்போனா ரத்தத்துல அமிலம் சேரும். அந்தப் புளிப்பை அடக்க ரத்தத்துலயே ஒரு உப்பு இருக்குங்க. அது தீர்ந்துபோச்சுன்னா மூச்சுதான் மிச்சத்தை வெளிய தள்ளப் பாடுபடும். உடம்புத் தண்ணியெல்லாம் சிறுநீராப் போயிடும்." வாடையும் அதனால்தானாம்.

அப்படியானால் நீ மூச்சு வாங்கியது போதையில் இல்லை, பிழைக்கத்தான். இத்தனை வருஷம் தெருவே உன்னைக் குடிகாரன் என்றதே, அந்தப் பேச்சை யார் திருப்பி எடுப்பது?

லில்லிக்கு இன்சுலினும், நரம்பு வழியாக உப்புத் தண்ணீரும் ஏறுகின்றன. மத்தியானம் அப்பா வந்தார். அவள் முகத்தருகே குனிந்தவர், அந்த வாடை பட்டதும் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவன் தண்ணிதானே கேட்டான்" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இப்போது மறுபடி எட்டிப் பார்த்தேன். மூச்சு நிதானப்பட்டிருக்கிறது. "அத்தை, தண்ணி" என்றாள். டாக்டரம்மா கொடுக்கச் சொன்னார். சொம்பை என் கையிலிருந்து வாங்கிப் புகட்டியது அப்பாதான். பாதி அவள் சட்டையில் கொட்டியது.

உன் மகளை நான் விடமாட்டேன். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாரேன் சாமி. பூ வேண்டாமாம். ஒரு குடம் தண்ணி, அவரே சுமந்து வருகிறாராம்.

உன் கூடப்பிறந்தவள்,
தெரசா அக்கா