அப்பாவைப் பற்றிப் பேசியது

நவம்பர் 4, செவ்வாய்

இன்று டென்மார்க்கின் வைலே நகரில் தேர்தல் கூட்டம். நகரசபைக்குப் போட்டியிடும் தமிழ் வழக்கறிஞர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அப்பா முன்வரிசையில் இருந்தார். இக்காஸ்ட் நகர நெசவாலையில் இருபத்தெட்டு வருடம் இரவு வேலை செய்து என்னைச் சட்டம் படிக்க வைத்தவர்.

வெளிநாட்டவர்களைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டார். நான் டேனிஷில் பதில் சொன்னேன். "என் அப்பாவையே பாருங்கள். முப்பது வருடமாக இந்த நாட்டு ரொட்டியைச் சாப்பிடுகிறார். ஒரு ரொட்டி கேட்டு வாங்கக்கூட மொழி தெரியாது. இப்படியானவர்களை இனி நாம் உள்ளே எடுக்கக்கூடாது."

மண்டபம் சிரித்தது. பிறகு கை தட்டியது. எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

காரில் வரும்போது கேட்டார்.

"என்ன தம்பி சொன்னனீ? 'மின் ஃபா', என்ர அப்பா எண்டது மட்டும் விளங்கினது."

"உங்களைப் பற்றித்தான் அப்பா."

"நல்லதாத்தான் சொன்னனியோ?"

"ஓம்."

உடனே பிரெடெரிசியாவில் இருக்கும் மாமிக்குப் போன் எடுத்தார். "மேடையில என்னைப் பற்றிக் கதைச்சவன். வெள்ளைக்காரர் எல்லாம் கை தட்டினவை," என்றார்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை இக்காஸ்டிலயும் கூட்டம் எல்லோ. என்னோட வேலை செய்த ஆக்கள் எல்லாம் வருவினம். அதை அங்கையும் சொல்லு, என்ன?"

கூட்டம் முடிந்ததும் கட்சிச் செயலாளரும் அதையேதான் கேட்டிருந்தார். இருவருக்கும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.