நூற்று இருபத்து நான்கு ஆங்ஸ்ட்ராம்

பிப்ரவரி 18

எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், பேத்தி நிக்கோல் எழுதுகிறாள். பரீட்சைக்குப் படிக்கிறவள், எழுதும்போதும் வாய் பௌதிகத்தைத்தான் முணுமுணுக்கிறது. ஒளிக்கு எடையே இல்லையாம். ஆனாலும் மொமெண்டம் உண்டாம், பட்டால் தள்ளுமாம். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு நாளாவது என்னைத் தள்ளியதா?

"தள்ளும் தாத்தா, உனக்குத் தெரியாது. ஆற்றலை ஒளி வேகத்தால வகுத்தா அதோட மொமெண்டம். எலக்ட்ரானுக்கு எடை இருக்குது, அதுக்கு வேற வழி. மாத்திப் போட்டா போச்சு."

போகட்டும்.

மார்ச் 7

பௌதிகப் பரீட்சை முடிந்தது. எழுதப் பொறுமையில்லையாம். இந்த ஒரு வரி போதுமாம்.

ஏப்ரல் 8

பௌதிகத்தில் இரண்டு மார்க் குறைந்து ஃபெயில். மருமகள் நேசமணி சாப்பிடவில்லை. மகன் ஜெயகரன் பெங்களூரு ரயிலை விட்டு இறங்கி வந்ததும் கத்தல். இவளுக்கு ஒரே பிடிவாதம்: ஐந்து மார்க் கணக்கைச் சரியாகத்தான் போட்டாளாம், திருத்தினவர் மூன்றைக் குறைத்துவிட்டாராம். மறுமதிப்பீடு கேட்பாளாம். இந்த மாதமே மறுபரீட்சை இருக்கிறது. அதற்குப் பெயர் கொடுக்க மாட்டாளாம்.

"கொடுத்தா தப்பு என் மேலன்னு ஆயிடும்பா."

அப்போ அவள் சேரவேண்டிய நர்சிங் படிப்பு? ஒரு வருஷம் வீட்டில் உட்காருவதா?

ஏப்ரல் 9

மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை போனேன். "இன்னா மாமா, பாப்பா பாஸா?" என்றான் டீக்கடை ஆபிரகாம். திருத்தினவனுக்குக் கண் அவிந்துபோச்சு என்றேன். சொல்லிவிட்டு வழியெல்லாம் என்மேல் எனக்கே எரிச்சல்.

ஏன் எரிச்சல் என்று எழுதுகிறவள் கேட்கிறாள். சொல்லவில்லை.

ஏப்ரல் 10

பெயர் கொடுக்க நாளைதான் கடைசி. எழுது நிக்கோல், நிறுத்தாமல் எழுது. பரீட்சை அன்று வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றுமுன் நீ என்னிடம் ஒப்பித்தாய். ஒளிக்கும் எலக்ட்ரானுக்கும் அதே நூறு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஒளிக்கு வந்த மொமெண்டத்தையே எலக்ட்ரானுக்கும் போட்டேன், அலைநீளம் நூற்று இருபத்து நான்கு ஆங்ஸ்ட்ராம் என்றாய். இன்று காலை அதே கணக்கைப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டபோது ஒன்று புள்ளி இரண்டு மூன்று என்று முணுமுணுத்தாய். அதுவும் என் காதில் விழுந்தது.

"நான் அப்பிடிச் சொல்லவே இல்ல."

சொன்னாய்.

"கையெழுத்துப் போடத் தெரியாது, எனக்கு ஃபிசிக்ஸ் சொல்ல வந்துட்டியா?"

அதையும் எழுது. எனக்கு ஃபிசிக்ஸ் தெரியாதுதான். நீ சொன்னது தெரியும். மறந்து தொலைய மாட்டேங்குதே, நான் இன்னா பண்றது? என்ன, அழுகிறாயா? எழுது—

ஏப்ரல் 11

இன்று எழுதுவது நேசமணி. நிக்கோல் நோட்டை என் கட்டிலில் எறிந்தவள்தான், முகம் கொடுத்துப் பேசவில்லை. பெயர் கொடுத்தாளா என்று கேட்டேன். "எனக்கும் சொல்லல மாமா. நீங்களும் கொஞ்சம் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்" என்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள்.

ஏப்ரல் 19

இன்றும் நேசமணிதான் எழுதுகிறாள். நிக்கோல் தட்டை வைக்கிறாள், போகிறாள். வயசுக்கு மீறிய ரோஷம்.

ஏப்ரல் 28

காலையில் சீருடை போட்டுக்கொண்டு ஹால் டிக்கெட்டோடு போனாள். மத்தியானம் திரும்பியதும் வாசலிலேயே மறித்தேன். எலக்ட்ரான் வந்ததா?

"வந்துச்சு."

எவ்வளவு போட்டாய்?

"போ தாத்தா. ரிசல்ட் வர்ற வரைக்கும் உன்கிட்ட ஒரு நம்பர் சொல்ல மாட்டேன்."

சோறு தின்று கை கழுவினாள். யாரும் கூப்பிடாமலே நோட்டை எடுத்துக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.