சரண்யாவுக்குக் கட்டிய சாப்பாடு

வில்லியனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் கலைவேந்தனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. குவைத் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவதுதான் வழக்கம், போன மாதம் அப்படி எழுதியிருந்தால் அது சுத்தப் பொய்யாக இருந்திருக்கும். இன்றைக்கு எழுதினால் அவ்வளவு பொய் இல்லை. போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் நீ பேசுவதை நடுவீட்டில் ஸ்பீக்கரில் போட்டு உன் அப்பா, தம்பி, உன் பெண்டாட்டி சரண்யா எல்லாரும் கேட்கிறார்கள், நான் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்வதற்குள் டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். கடைக்கார ஹபீப் முகமது பாயின் மருமகன் ரிஃபாத் லீவு முடிந்து உன் ஊருக்குத்தான் திரும்புகிறான், முருங்கை இலைப் பொடியோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். ஆற அமர உட்கார்ந்து படி.

சரண்யா கம்பெனியில் மயங்கி விழுந்தாள் என்றதும் நீ சொன்ன முதல் வார்த்தை, வேலைய வுட்டு நிறுத்துங்க, நான் சம்பாதிக்கறது போதாதா என்பது. உன் அப்பாவும் அதையேதான் சொன்னார். வேலைய வுட்டா எல்லாம் சரியா பூடும் என்றார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த வேலைக்காக அவள் சேதராப்பட்டில் எத்தனை கம்பெனி கேட்டில் போய் நின்றாள் என்பது உனக்குத் தெரியாது, நீ அப்போது விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தாய். அவள் பேரில் ஒரு பாங்க் கணக்கும் ஒரு பி.எஃப். நம்பரும் இருக்கிறதென்றால் அது அந்த வேலையால் வந்தது. அதனால் ராஜினாமா எழுதாதேடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் அவளைத் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

அன்றைக்கு அவளைக் கம்பெனி வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தது அவளோடு ஒரே லைனில் நிற்கிற பர்வின் என்கிற பெண். சரண்யாவைப் படுக்கவைத்துவிட்டு வாசல்வரைக்கும் போனவள் திரும்பி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். யம்மா கோச்சிக்காதீங்க, உங்க மருமவ மத்தியானத்துல டப்பாவத் தொறக்கறதே இல்ல, நாங்க அல்லாரும் வட்டமா குந்திக்கினு அவங்கவங்க கொண்டாந்தத நடுவுல வச்சி சாப்புடுவோம், இவ மட்டும் பசிக்கலன்னு டீயக் குடிச்சிட்டு எழுந்து பூடுவா, கேட்டா சிரிப்பா என்றாள். அங்கே கேன்டீன் என்று ஒன்று இருக்கிறது, அது பர்மனென்ட் ஆட்களுக்கு. ஒரே மெஷினில் ஒரே நேரம் நிற்கிற காண்ட்ராக்ட் பெண்களுக்கு டீ மட்டும் இலவசம், சோறு அவர்களே கட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல நியாயம். அந்தப் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, ஒருத்தி பொரியல், ஒருத்தி கருவாடு, ஒருத்தி கூட்டு என்று நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் வீட்டுப் பெண்ணிடம் நடுவில் வைக்க ஒன்றும் இல்லை. அப்போதெல்லாம் விடியற்காலையில் டப்பா கட்டியது அவள்தான், அப்பாவுக்கு ஒரு முட்டை, உன் தம்பி நவீன்குமாருக்கு ஒரு முட்டை, மிஞ்சிய சோற்றில் தண்ணிக் குழம்பை ஊற்றினால் அது அவளுடைய டப்பா. தன்னிடம் வைக்க ஒன்றும் இல்லாதபோது மற்றவர்கள் வைத்ததில் கை நீட்ட அவளுக்குக் கூசியிருக்கிறது. டப்பாவைக் கேட்டுக்கு வெளியே நாய்க்குக் கொட்டிவிட்டு இங்கே கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு, மருமகள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள் என்று நான் பக்கத்து வீட்டில் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் ஹவுஸ்கீப்பிங் டியூட்டியை இன்னொருத்திக்கு மாற்றிவிட்டு அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் குத்திப் பார்த்த டாக்டரம்மா, இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, அல்லாம் சாப்புடுது டாக்டர், வூட்ல ஒண்ணும் கொற இல்ல என்றேன். உங்களைக் கேக்கலம்மா, அவங்களைக் கேக்கறேன் என்றார் அந்த அம்மா. எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. சரண்யா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, காலையில டீ, பத்து மணிக்கு டீ, மத்தியானம் டீயும் பன்னும், ராத்திரிக்கு இருக்கறது என்றாள். இருக்கறதுன்னா என்று டாக்டர் கேட்டார். எல்லாரும் சாப்பிட்டப்புறம் இருக்கறது என்றாள். முன்பே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோமே, போடுவதில்லையா என்று கேட்டதற்கு, தினமும் மறக்காமல் போடுகிறேன், பத்து மணி டீயில்தான் போடுகிறேன் என்றாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். டீயோடு போட்டால் அந்த மாத்திரையில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் போய்விடுமாம். டீக்கு ஒரு மணி நேரமாவது முன்னே பின்னே, எலுமிச்சம்பழத் தண்ணீரில் போடச் சொன்னார். ஓசியில் கிடைக்கிறது டீ ஒன்றுதான் என்று அதையே குடித்து, அதிலேயே மருந்தையும் முழுங்கி, மருந்தையும் வீணாக்கியிருக்கிறாள். கம்பெனியில் சூப்பர்வைசர், ஃபிட்னஸ் சர்டிபிகேட் இல்லாம உள்ள வுட முடியாது, இந்த மாசத்துக்குள்ள வந்தா வா, இல்லன்னா உன் எடத்துக்கு ஆள் ரெடி என்று சொல்லிவிட்டான். ஆக இருந்தது அந்த ஒரு மாதம்தான்.

இப்போது சொல், வேலையை விட்டு வீட்டில் இருந்தால் இவளுக்கு ரத்தம் ஊறுமா. வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது ஒரு வேளை மட்டும் கடைசியில் சாப்பிடுகிறவள் மூன்று வேளையும் கடைசியில் சாப்பிடுவாள், அவ்வளவுதான். ஆம்பளை உழைத்து வருகிறவன், அவனுக்கு முதலில் என்று சொல்லிச் சொல்லி இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் சோறு போடுகிறோம், எட்டு மணி நேரம் நின்ற காலோடு வருகிற பெண் உழைத்து வருகிறவள் இல்லையாம். நானும் கல்யாணமான நாளிலிருந்து சட்டியை வழித்துத்தான் சாப்பிடுகிறேன், அதனால் இது என் கண்ணிலேயே படவில்லை. நீ ஹெல்த் டிரிங்க் வாங்கச் சொல்லி அனுப்பிய பணத்தில் வாங்கிய பெரிய டப்பாவை யார் காலி செய்தார்கள் என்று நினைக்கிறாய், உன் தம்பிதான். டிவியில் அந்த டப்பாவைக் குடித்த பிள்ளை மலை ஏறுகிறது, அதை வாங்கும் காசுக்கு எவ்வளவு வேர்க்கடலையும் கேழ்வரகும் வரும் என்று எவனும் விளம்பரம் போடமாட்டான்.

நான் சத்தம் போடவில்லை, பரிமாறுவதைத்தான் மாற்றினேன். யாரும் உட்காருவதற்கு முன்னால் நாலு தட்டையும் வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் போட்டு முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். உன் அப்பா பார்த்தார், இன்னாது இது, ஆஸ்டல் மாதிரி அளந்து வச்சிருக்க என்றார். ஆமா ஆஸ்டல்தான், வார்டன் நான்தான் என்றேன். உன் தம்பிக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு ஜங்ஷனுக்குப் போய் பரோட்டா சாப்பிட்டு வந்தார், மறுநாளும் போனார், அதற்கு அடுத்த நாள் வயிறு கெட்டுப்போய் வேலைக்கு வண்டி எடுக்காமல் படுத்தார். அன்றைக்கு ராத்திரி தானாக வந்து உட்கார்ந்து, முட்டை இன்னைக்கி யாருக்கு என்று கேட்டார். அல்லாருக்கும்தான் என்றேன். தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டார்.

முட்டை ஒன்றும் கூடுதலாக வாங்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் புரிந்தது. முழுசாக அவித்தால் எண்ணிக்கை வந்துவிடும், எண்ணிக்கை வந்தால் பொம்பளைக்கு இல்லை. அதையே வெங்காயம் நிறையப் போட்டு உடைத்து ஊற்றிக் கிளறினால் எல்லாத் தட்டுக்கும் போகிறது, யாருக்கு எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. மீனும் அப்படித்தான். பெரிய மீன் வாங்கினால் நடுத்துண்டு ஒருத்தருக்கு, தலை ஒருத்தருக்கு, எங்களுக்கு வாலும் குழம்பும். நெத்திலியில் நடுத்துண்டு கிடையாது. மணப்பட்டிலிருந்து வருகிற மீன்கார விருத்தாம்பாளிடம் இனிமேல் எனக்கு நெத்திலிதான் என்று சொல்லிவிட்டேன். அவள் கூடையை இறக்கும்போதே, நல்ல மீனெல்லாம் ஐஸ் வண்டியில ஏத்திக்கினு பூட்டானுங்கடி, எங்க வூட்லயே பிராய்லர் கோழிதான் வேவுது என்று புலம்புவாள். கடலோரத்தில் பிறந்தவளுக்கே மீன் கிடைக்கவில்லை. அந்த நெத்திலியாவது எங்கள் பக்கம் வருகிறதே என்று வாங்கிக்கொள்கிறேன்.

எல்லாரும் வேலைக்குப் போகிற வீட்டில் யார் இதையெல்லாம் செய்வது என்று கேட்பாய். ராத்திரி படுக்கும்போது கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறப்போடுவது உன் தம்பி வேலை. முதல் வாரத்தில் அடிக்கடி மறந்தான், மறந்த அன்றைக்கு அவன் டப்பாவில் வெறும் ஊறுகாய் வைத்தேன், இப்போது மறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகும் உளுந்தும் சேர்த்து நான் மாவு அரைத்துவிட்டால் தோசைக்கு நடுவாரம்வரை கவலை இல்லை. காலையில் ஒரு குழம்பு, அதுவே ராத்திரிக்கும், பக்கத்தில் தொட்டுக்கொள்வது மட்டும் புதிதாக. பின்னால் முருங்கை மரம் தழைத்துக் கிடக்கிறது, இலை உருவ நேரமில்லை என்றுதான் இத்தனை நாள் விட்டிருந்தோம். இப்போது செய்தி பார்க்கும் நேரத்தில் உருவிக் கொடுப்பது உன் அப்பா. நம்ப மாட்டாய். எதிர்வீட்டு இன்னாசிமுத்து எட்டிப் பார்த்து, இன்னா நடேசா, கீர வியாபாரத்துல எறங்கிட்டியா என்று கேட்டதற்கு, ஆமாடா, உனுக்கு ஒரு கட்டு கடன்ல தரட்டா என்றாரே பார். அபிஷேகப்பாக்கத்து அத்தை வந்தபோதுதான் முகம் சுளித்தாள், ஆம்பளையக் கீர ஆய வைக்கறியே தனக்கொடி என்றாள். நீயும் குந்து அண்ணி, சீக்கிரம் முடியும் என்று ஒரு கொத்தை அவள் மடியிலும் போட்டேன்.

டப்பாக்களை இப்போது நான் கட்டுகிறேன், சரண்யாவுடையதை முதலில். முதல் நாள் கட்டியது கடலைச் சுண்டலும் முருங்கைக்கீரைப் பொரியலும். கம்பெனிக்குப் போகாதபோது எதற்கு டப்பா என்று கேட்டாள். டப்பாவில் கட்டி வைத்தால்தான் அது உன்னுடையது, யாருக்கும் எடுத்துப் போடமாட்டாய், மத்தியானம் திறந்து நீயே சாப்பிடு என்றேன். சாப்பிட்டாள். மாத்திரையையும் எலுமிச்சம்பழத் தண்ணீரில் போட்டாள். மாதக் கடைசியில் டாக்டரம்மா மறுபடி குத்திப் பார்த்து, ஏறியிருக்கு, இன்னும் ஏறணும், வேலைக்குப் போகலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சூப்பர்வைசர் வேறொருத்தியை அந்த மெஷினில் நிறுத்தியிருந்தான். பர்வினும் மற்றப் பெண்களும் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் ஏறாமல் அவனுடைய மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள், நாளைக்கி நாங்க விழுந்தாலும் இப்படித்தான சார் செய்வீங்க என்று கேட்டிருக்கிறார்கள். அவன் இறங்கி வந்துவிட்டான், சரண்யா போன திங்கட்கிழமையிலிருந்து மறுபடி காலை ஷிப்டு போகிறாள். வட்டத்தில் உட்கார்ந்து அவளும் நடுவில் வைக்கிறாள், அந்தச் சுண்டலுக்கு அங்கே அடிபிடியாம்.

இதெல்லாம் உன் சம்மதத்தைக் கேட்டு எழுதவில்லை, உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். நீ அவள் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாய் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பாசத்தை அவளுடைய வேலையில் கை வைத்துக் காட்டாதே. நீயும் அங்கே மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று குபூஸ் ரொட்டியையும் பாட்டில் தண்ணியையும் வைத்து வயிற்றை நிரப்பிக்கொள்கிறாய் என்று ரிஃபாத் சொன்னான். ரூமில் இருக்கிற பையன்கள் முறை வைத்துப் பருப்பும் காயும் வேகவையுங்கள், பொடியைச் சுடுசோற்றில் எண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு.

உடம்பும் மனமும் தெம்பாக இருக்க அம்மாவின் ஆசிகள். திரௌபதியம்மன் துணை இருப்பாள். இனிமேல் போன் செய்தால் வேலையை விட்டாளா என்று அவளைக் கேட்காதே, ஷிப்டு நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கூப்பிடு, அசந்து தூங்குகிறவளை எழுப்பாதே. லீவில் நீ வரும்போது உனக்கும் ஒரு தட்டு சேர்த்து வைப்பேன், மற்றத் தட்டுகளில் இருக்கிறதுதான் அதிலும் இருக்கும், சாப்பிட்டு முடித்ததும் நீயே கழுவி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ந. தனக்கொடி