நான்காவது கட்டத்தில் எழுதியது

ஸ்ரீவராகம்
திங்கள் காலை

பத்மஜா,

மனுவை வாபஸ் வாங்கும் கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாளை மாலை ஐந்து மணி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன், வேறு மாதிரி இருந்தால் மறைக்காமல் எழுது. இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் மட்டும். மற்றபடி சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் நீ கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன். இருபத்தாறு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்தவளுக்குப் போனைக் கையில் எடுத்தாலே குரல் தானாகச் சரியாகிவிடுகிறது. நீயும் நம்பிவிடுகிறாய். அதனால் காகிதம்.

சம்பளப் பட்டியலை அங்கிருந்தே பார்த்திருப்பாய். தகவல் உரிமைச் சட்டத்தில் யாரோ கேட்டு வாங்கிப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். எங்கள் வானொலி நிலையத்தில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் ஆண்கள். நான்காவது பெயர் சேஷன். உன் சேஷன் மாமாதான். காலை ஏழு மணித் தமிழ்ச் செய்தியில் தலைப்பும் முடிவும் அவர் குரல், நடுவில் வானிலையும் சந்தை நிலவரமும் என் குரல். ஒரே மேஜை, ஒரே தாள், பாதிப் பாதி. அவருடைய ஒரு மாதம் என்னுடைய ஒரு வருஷத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வித்தியாசம் இருக்கும் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. அன்று சாயங்காலமே கூப்பிட்டார், நான் கேட்டு வாங்கல்லே விஜயம், குடுத்தா, வாங்கிண்டேன், வேணும்னா என்னோடதைக் குறைச்சுக்கச் சொல்றேன் என்றார். நீங்க குறைச்சுண்டா எனக்கு வந்துடுமா சேஷன், உங்களுக்குக் குறையும், அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. ஒலிபரப்பில் அப்படி ஒரு மௌனம் விழுந்தால் மறுநாள் மெமோ வரும்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சமச் சம்பளம் கேட்டு மனுக் கொடுத்தோம். எல்லோரும் என்னைப் போல, ஒரு டூட்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள், மாதம் ஆறு டூட்டிக்கு மேல் கிடையாது. ரெனி என்று ஒரு வக்கீல், உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கும், காசு வாங்காமல் எடுத்துக்கொண்டாள். விசாரணைக் கமிட்டியின் தலைவியும் ஒரு பெண்மணி. நான் நம்பிவிட்டேன். போன வியாழக்கிழமை நிலையத்தின் தரப்பில் ஒரு கட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் நாங்கள் நிரப்பிக் கொடுக்கிற படிவங்கள். நான்காவது கட்டம், ஜீவனத்துக்குச் செய்யும் தொழில். எல்லாவற்றிலும் ஹவுஸ்வைஃப். பன்னிரண்டு பேருடையதிலும். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரொம்ப மரியாதையாக, இது யார் எழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். எல்லாமுமா என்றார். எல்லாமும்தான். என் இங்கிலீஷ் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று காண்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டுவார்கள், எனக்கும் அதில் ஒரு கர்வம். இது எங்கள் பிழைப்பு இல்லை என்று இவர்களே எழுதியிருக்கிறார்கள், பிழைப்புக்கு வேலை செய்கிற ஒருவரோடு இவர்களை எப்படி ஒப்பிடுவது என்று நிலையத்து வக்கீல் கேட்டார். அதற்கு மேல் அவர் பேச வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும் ரெனி என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தினா சேச்சி, எதுக்கு எல்லாத்திலயும் இதையே எழுதினது என்றாள். அழுதது அவள்தான்.

எதற்கு என்று உன்னிடமாவது சொல்ல வேண்டும். நான் சேர்ந்த வருஷம் அந்தக் கட்டத்தில் அறிவிப்பாளர் என்றுதான் எழுதினேன். அப்போதிருந்த பிரிவு அலுவலர் நல்ல மனிதர். படிவத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார். இப்படி எழுதினா நிரந்தர வேலை கேக்கறீங்கன்னு ஆகும் மேடம், ஃபைல் மேல போகும், அது வர்ற வரைக்கும் டூட்டி கிடையாது, ஹவுஸ்வைஃப்னு போடுங்க, இன்னிக்கே பாஸ் பண்ணிடறேன் என்றார். மாற்றி எழுதினேன். சேஷனும் ராஜபாயும் மாற்றவில்லை. ராஜபாயை நீ பார்த்ததில்லை, எங்களோடு குரல் தேர்வில் வந்தவள், எங்களில் நல்ல குரல் அவளுக்குத்தான். இரண்டு ஃபைலும் ஒரே பையில் மேலே போயின. ஏழு மாதம் கழித்து சேஷனுடையது மாதச் சம்பள ஒப்பந்தமாகத் திரும்பியது. குடும்பத்தைத் தாங்குகிறவர் என்று யாரோ ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார்களாம். ராஜபாயுடையது வரவே இல்லை. அவளையும் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஆரியசாலையில் அவள் அண்ணனின் மொத்தக் கடையில் பில் போட உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை மிளகாய் வற்றல் வாங்கப் போனபோது கிலோ என்ன விலை என்று சொன்னாள், அந்தக் குரலில். கடையில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடமிருந்துதான் நாங்கள் பாடம் படித்தோம். பின்னால் வந்த ஒவ்வொருத்திக்கும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

யாரும் மிரட்டவில்லை, பத்மஜா. அப்போது வீட்டில் அப்பாவின் பாங்க் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஏழு மாதம், ஏழு வருஷம் கூட என்னால் காத்திருக்க முடிந்திருக்கும். பன்னிரண்டு பேரில் என்னால் மட்டும். நான் காத்திருக்கவில்லை. ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிகிற அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு எந்தப் பெயரும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

இப்போது நிலையம் ஒரு வழி சொல்கிறது. பன்னிரண்டு பேரும் சேர்ந்து மனுவை வாபஸ் வாங்கினால் டூட்டி பழையபடி தொடரும். ஒருத்தி மிச்சமிருந்தாலும் விசாரணை முடிகிறவரை யாருக்கும் கிடையாது. மற்றப் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ரெனி விடமாட்டேன் என்கிறாள், அந்த அலுவலர் கட்டாயப்படுத்தினார் என்று நீங்கள் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும் என்கிறாள். அவர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. ராஜபாய்க்கு நடந்ததைக் காட்டி எழுதச் சொல்வது கட்டாயம்தானே என்று கேட்கிறாள். சாயங்காலங்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. காலையில் தோன்றுவதில்லை. அதோடு ராஜபாயின் ஃபைல் எங்கேயும் இல்லையாம், அப்படி ஒரு ஆள் விண்ணப்பித்ததற்கே பதிவு இல்லையாம். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மாசம் ஆறு நாளைக்கு இத்தனை அமர்க்களமா, நம்மாத்துல என்ன அடுப்பு எரியலையா என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கமிட்டியும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னது.

நேற்று இசக்கிசெல்வி வந்திருந்தாள். வள்ளியூர்ப் பெண், மத்தியான நிகழ்ச்சிக்கு அறிவிப்பு செய்கிறாள். அவள் அம்மா கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். இவளுடைய டூட்டிப் பணம் வாடகைக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் படிவத்தை நிரப்பியபோது, கல்யாணமே ஆவாதவ எப்படிக்கா ஹவுஸ்வைஃப் என்று சிரித்தாள். எவன் படிக்கப்போறான், கையெழுத்தைப் போடுடி என்றேன். நேற்று சிரிக்கவில்லை. என்னைப் போடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. நீங்க போடக் கூடாதுன்னுதான்க்கா எம் மனசு சொல்லுது, நாம என்ன பிச்சையா கேட்டோம் என்றாள். பிறகு காபியை ஆற்றிக்கொண்டே, எனக்கு அடுத்த டூட்டி பன்னெண்டாந் தேதில்லா என்றாள். அவ்வளவுதான் பேசினாள். நான் தடுத்தும் கேட்காமல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

போராடு என்றுதான் நீ சொல்வாய். நான் போராடினால் என் அடுப்பு அணையாது, அவளுடையது அணையும். விட்டுவிட்டால் அவளுக்கு ஐம்பது வயதிலும் மாதம் ஆறு டூட்டி. இரண்டுமே என் எழுத்தில் எழுதியது. இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மூன்றாவதாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தாலும் நாளைக்குள் வந்து சேராது.

குழந்தைக்காக ஒரு வருஷம் வேலையை நிறுத்தி வைப்பதாக எழுதியிருந்தாய். நிறுத்து, உடம்பு முக்கியம். ஆனால் என்ன காகிதம் நீட்டினாலும் முழுக்கப் படித்துவிட்டுப் போடு, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்று சொன்னால் இரண்டு தடவை படி. வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இரும்பு மாத்திரையைக் காபியோடு சாப்பிடாதே. பத்மநாப சுவாமி உன்னையும் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும். பெண்ணாக இருந்தாலும் சரி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை கொஞ்சம் நின்றுவிட்டது, மன்னித்துக்கொள். நன்றாக இரு. நிறைய வருஷம் நன்றாக இரு.

உன் அம்மா
விஜயம்

பி.கு. செவ்வாய். மூன்றரை மணிக்கு நிலையத்துக்குப் போய்ப் பன்னிரண்டாவதாகப் போட்டேன். ரெனிக்கு நானே சொன்னேன், அவள் போனை வைத்துவிட்டாள். பன்னிரண்டாம் தேதி டூட்டி உண்டு என்று இசக்கிசெல்விக்கு எழுதி வாங்கிக்கொண்டேன். பஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். கிழக்கேகோட்டை வரை நடந்தேன்.