நோணாங்குப்பம் வரை வந்துவிட்டுப் போனவனுக்கு

ரெட்டியார்பாளையம்,
ஜூன் 26

மதிவாணனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அங்கே நீயும் சுடர்விழியும் அபியும் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நலம்தான் என்று பக்கத்துத் தெரு அஞ்சலாட்சி கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நோணாங்குப்பத்தில் ஆற்றோரம் இருக்கிற ஒரு ரிசார்ட்டில் அவள் ரூம் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். இது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, தெரிந்திருந்தால் வேறு ரிசார்ட் பார்த்திருப்பாய். போன வாரம் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே என்னிடம் வந்து, அக்கா உங்க மதி எங்க ரிசார்ட்லதான் தங்கியிருக்குது, நான்தான் போர்வை மாத்திட்டு வந்தேன், அதுக்கு என்னை அடையாளம் தெரியல, பொண்ணு அப்படியே உங்க ஜாடை என்றாள். சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் இங்கே எப்படி வரும், நீ வேறு யாரையோ பார்த்துவிட்டு உளறாதே என்று அவளிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனாள். அவள் போன பிறகு உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்து, ஆபீஸ்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்றாய். பின்னால் அபி தண்ணீரில் குதித்துக் கத்திச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நல்ல ஆபீஸ். சரிப்பா வேலையைப் பாரு என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் நீ பேசவே இல்லை. நான் கூப்பிட்டால் கட் பண்ணுவாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் என் குரல் கம்முவது உனக்குக் கேட்டுவிடும், அந்தத் திருப்தியை உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் கடிதம். பாதியில் மூடி வைக்காமல் படி.

வியாழக்கிழமை நெய்வேலியிலிருந்து உன் ஆதிலட்சுமி அத்தை மகன் பிரேம்குமார், நீ பேஸ்புக்கில் போட்ட ஒரு போட்டோவை எனக்கு அனுப்பினான். நீங்கள் மூன்று பேரும் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கீழே நீ எழுதியிருக்கிறாய், சின்ன வயசில் ஒரு சம்மர் வெக்கேஷன்கூடப் போனதில்லை, என் மகளுக்கு அந்தக் குறை வரக்கூடாது என்று. நூறு பேருக்கு மேல் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். கையோடு பிரேம்குமார் போன் செய்து, அத்தை, மதி பாண்டிக்கு வந்திருக்கானாமே, சொல்லவே இல்லையே, குடுங்க பேசறேன் என்றான். நான் என்ன சொல்லட்டும். குளிச்சிகிட்டு இருக்கான்பா, வந்ததும் பேசச் சொல்றேன் என்றேன். அவன் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான், சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போயிருக்கான் என்றேன். வராத பிள்ளையைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, கடைக்கும் அனுப்பிவைத்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா சொல்.

ஒரு வெக்கேஷன்கூடப் போகாத பிள்ளையாம். ஏன் போகவில்லை என்று எழுத வேண்டியதுதானே. மே மாதம் பிறந்துவிட்டால் நெய்வேலி, ஆரணி, திருவண்ணாமலை என்று உன் அப்பா வழியிலும் என் வழியிலும் இருக்கிற அத்தனை பேருக்கும் பாண்டிச்சேரிதான் லீவு, பாண்டிச்சேரி என்றால் நம் வீடுதான். கடல் இருக்கிற ஊரில் வாழ்க்கைப்பட்ட பாவத்துக்கு மாதம் முழுக்கப் பதினைந்து பேருக்குச் சோறு வடித்தேன். விடிந்ததும் வைத்திக்குப்பம் போய் மீன் வாங்கி வந்து ஆய்ந்து குழம்பு வைத்து இறக்கினால், நேத்து மாதிரி இல்லையே என்பார்கள். அப்பா மில்லில் ஷிப்ட் முடித்து வந்து படுக்க இடமில்லாமல் துண்டை விரித்துக்கொண்டு மாடிக்குப் போவார். உன் சைக்கிளைப் பிரேம்குமார் ஓட்டுவான், நீ பின்னால் ஓடுவாய். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் அடுப்படியில் நின்றேன். இத்தனை வருஷத்தில் பாண்டிச்சேரிக்கு வந்து என் வீட்டு வாசலை மிதிக்காமல் போன சொந்தம் ஒருத்தர் கிடையாது. இப்போது ஒருத்தன் போயிருக்கிறான், அவன் நான் பெற்றவன்.

இப்படிப் பொய் சொல்ல இவன் யாரிடம் கற்றுக்கொண்டான் என்று இரண்டு நாளாக யோசித்தேன். யோசித்தால் என்னிடம்தான். உனக்கு ஒன்பது வயது. அந்த ஒரு வருஷம் அப்பா பத்து நாள் லீவு வாங்கி, விழுப்புரம் போய் ரயில் ஏறி ஊட்டிக்குப் போவதாக ஏற்பாடு. மில்லில் கூட வேலை பார்த்த தணிகாசலம் வீட்டிலிருந்து உனக்கு ஒரு ஸ்வெட்டர் இரவல் வாங்கி வந்தார். நீ காலை ஆறு மணிக்கே அதைப் போட்டுக்கொண்டாய், மே மாதம், வேர்வை ஒழுகுகிறது, கழற்றவே மாட்டேன் என்றாய். புளிசோறு கட்டி, பையைக் கட்டி, வீட்டைப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. எட்டு மணிக்கு உன் ஆதிலட்சுமி அத்தை, மாமா, மூன்று பிள்ளைகள், இரண்டு பெட்டி, ஒரு பலாப்பழத்தோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். அப்போது போன் ஏது, சொல்லிவிட்டு வர. நாங்கள் கிளம்புகிறோம் என்று எப்படிச் சொல்வது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், பையைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். வாங்க அண்ணி, இப்பத்தான் உங்களை நினைச்சுகிட்டே புளிசோறு கிளறினேன் என்றேன். நீ மட்டும் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, நாங்க ஊட்டிக்குப் போறோம், நீங்க உங்க ஊருக்குப் போங்க என்றாய். அறைந்துவிட்டேன். ஏன் பிள்ளை ஸ்வெட்டர் போட்டிருக்கு என்று அண்ணி கேட்டாள், குளிர்ஜுரம் அண்ணி, அதான் பிதற்றுது என்றேன். அதற்காக உன்னை அந்த ஸ்வெட்டரோடு நாளெல்லாம் படுக்க வைத்தேன். எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். நீ ஜுரக்காரன் மாதிரியே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் போட்டோவுக்குக் கீழே எழுதிய வரி ஊருக்கு எழுதியது இல்லை, எனக்கு எழுதியது. சரி, தப்புதான். எழுதிவிட்டேன், இன்னொரு தரம் எழுதச் சொல்லாதே. ஆனால் நான் அறைந்தது ஒரு நிமிஷ ஆத்திரத்தில். நீ முப்பத்தெட்டு வயதில் உட்கார்ந்து யோசித்து, விமான டிக்கெட் போட்டு, ரூம் பார்த்து, என் வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிஷ தூரத்தில் நாலு நாள் தங்கி அறைந்திருக்கிறாய். அப்பாவிடம் நான் சொல்லாமல்தான் இருந்தேன், அஞ்சலாட்சி சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். கேட்டதற்கு, ரிசார்ட் வரைக்கும் போனேன், வாசல்ல செக்யூரிட்டி யாரைப் பாக்கணும்னு கேட்டான், யாரையும் இல்லைன்னுட்டு வந்துட்டேன் என்றார். சொல்லிவிட்டு மோர் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் இரண்டாவது அறையும் வாங்கியிருப்பாய்.

சுடர்விழியை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீ கூப்பிட்டிருந்தால் அவள் வந்திருப்பாள், அவளிடம் இதைக் காட்டிக் குழப்பாதே. அபி தண்ணீரில் ஆடினால் தலையை நன்றாகத் துவட்டிவிடு, ஈரத்தோடு ஏசியில் படுக்க விடாதே. அவளை எனக்குப் போனில் மட்டும்தான் தெரியும், அஞ்சலாட்சிக்கு நேரில் தெரியும், அது இருக்கட்டும். அப்பாவுக்கு ஜூலை பதினைந்தாம் தேதி கண் ஆபரேஷன், மறக்காமல் அவரிடம் பேசு, என்னிடம் பேச வேண்டாம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள், கோபத்தில் எழுதுகிறேன் என்பதால் இது பலிக்காமல் போகாது. இனி இந்த ஊருக்கு வந்தாலும் என் வீட்டுக்கு வராதே என்று எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். நாலு பக்கம் ஆகிவிட்டது, அந்த ஒரு வரி மட்டும் எழுத வரவில்லை. வராதே என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. வந்திருந்தால் ஒன்பது வயதிலேயே நீ ஊட்டியைப் பார்த்திருப்பாய்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
சு. தனக்கொடி