வெளித்தாழ்ப்பாள்

டிரானா,
புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ருதினா வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா ராத்திரியில் தூங்குகிறாரா?

இதை அவருக்கு வாசித்துக் காட்டாதே. பயப்பட ஒன்றுமில்லை. நேற்று வெளிநாட்டுப் பயணிகளை, அப்பா அடைபட்டிருந்த சிறைக்கு அழைத்துப்போனேன். இப்போது அது காட்சிக்கூடம். அந்தக் கால இருட்டைக் காட்டுவதற்காக அவர்களோடு ஓர் அறைக்குள் நின்று கதவைச் சாத்தினேன். வெளித்தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. ஒரு பெண் அலற ஆரம்பித்தாள்.

எங்களோடு சேர்ந்துகொண்ட உள்ளூர்க் கிழவர் ஒருவர் மட்டும் அறைக்குள் வர மறுத்து வெளியே நின்றிருந்தார்.

“கத்தாதீங்கம்மா. இது இழுத்தா வராது, தூக்கித் தட்டணும்” என்றபடி ஒரே தட்டில் திறந்தார். அங்கே வேலை செய்கிறவர்களே மல்லாடுகிற தாழ்ப்பாள் அது.

பிறகு என் முகத்தையே பார்த்தார். “நீ யாரு வீட்டுப் பொண்ணு? இந்தக் கண்ண எங்கயோ பாத்திருக்கேனே?”

இப்படிக் கேட்பவரிடம் அப்பன் பெயரை மறைப்பது குடும்பத்துக்கே இழுக்கு என்று சொல்லி வளர்த்தாய். நான் மாமாவின் பெயரைச் சொன்னேன், அம்மா.

“அப்படியா?” என்றார். நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் வருகிறாராம்.

மலைத்தேயிலை தீர்ந்துவிட்டது, அனுப்பு. அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையையும் அனுப்பு, அறை குளிர்கிறது. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

அப்பாவிடம் நீயாக எதுவும் கேட்காதே. அவரே பேச்செடுத்தால் மட்டும், அன்று சிறையில் அவர் அறையைத் திறந்து மூடியவனுக்கு இடது கையில் கட்டைவிரல் இருந்ததா என்று கேட்டு எழுது. இந்தக் கிழவருக்கு இல்லை.

உன் மகள்,
ருதினா